அட்டையில் ஒரு ஹால்ட் ரூம்

நான் பஸ் ஓட்டுகிறேன். ஊட்டியிலிருந்து சாயங்காலம் கிளம்பும் கடைசி வண்டி. பெர்ன்ஹில், பாலாடா, மஞ்சூர் எல்லாம் தாண்டி ஒரு தேயிலை எஸ்டேட்டில் போய் நிற்கும். அதற்கு மேல் ரோடு இல்லை. நானும் கண்டக்டரும் ராத்திரி அங்கேயே தங்கி, காலையில் அதே வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவோம். நைட் ஹால்ட் என்பார்கள்.

தங்குவதற்கு எஸ்டேட்டில் ஒரு ரூம் விட்டிருக்கிறார்கள். முன்பு உர மூட்டை கிடந்த ரூம். டிவி இல்லை. போனில் டவர் எடுக்காது. மழை பிடித்தால் வெளியே நிற்கவும் முடியாது. படுத்தால் தூக்கம் வரும்வரை கூரையைப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்துச் சலித்துத்தான் ஒரு நாள் பிஸ்கட் அட்டையை வெட்டி ஒரு வீடு செய்தேன். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடு மாதிரி. உள்ளங்கை அகலம். கண்டக்டர் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, ஊட்டக் கட்டிட்டு மொட்டையா உட்டுட்டீங்க? வாசல்ல ஒரு செடி வேண்டாமுங்களா?"

"நீங்களே வைங்க."

எழுந்து வந்தார். விளக்குமாற்றுக் குச்சியைக் கிள்ளி, பச்சை ஊலன் நூலைச் சுற்றி, செடி வைத்தார். பிறகு ஜன்னலுக்குத் திரை வைத்தார். பிறகு கொடியில் துணி காயப்போட்டார். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்து செய்கிறோம். சுவரும் கூரையும் நான். அழகு எல்லாம் அவர். அவருக்குப் பூர்வீகம் கோயமுத்தூர்ப் பக்கம். வீடு பெர்ன்ஹில்லில். என்னைவிட இளையவர். நான் ஒரு நாளில் பேசுவதை அவர் ஒரு ஸ்டாப்பிங்கில் பேசிவிடுவார்.

சாமான்கள் எல்லாம் கையில் கிடைப்பவைதான். டிக்கெட் மெஷினில் பேப்பர் தீர்ந்தால் நடுவில் ஒரு சின்னக் குழாய் மிஞ்சும். அது தண்ணீர் டிரம். சீட்டில் கிழிந்த ரெக்சின் மெத்தை. நெளி அட்டையின் மேல் தாளை உரித்தால் தகரக் கூரை. தைலப் பாட்டில் மூடி சட்டி. மைதாப் பசை போட்டுப் பார்த்தோம். மழையில் பூஞ்சை பிடித்தது. ஒரு வீட்டை நத்தை தின்றுவிட்டது. அப்புறம் டியூப் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனுக்கு மாறினோம். அது ஒட்டினால் ஒட்டியதுதான்.

செய்ததை எஸ்டேட் டீக்கடைக்கு ஒன்று கொடுத்தோம். வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விடும் கிரீச்சுக்கு ஒன்று கொடுத்தோம். விளையாட்டுத்தான். அந்த விளையாட்டு ஒரு சமயம் விளையாட்டாக இல்லாமல் போனது.

கண்டக்டருக்கு ஒரே மகள். மூன்றாவது படிக்கிறாள். அவர்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் கண்டக்டரின் மச்சினன், அவர் மகளின் தாய்மாமன், எல்லோர் எதிரிலும் சொல்லியிருக்கிறார்.

"மாப்பிளைக்கு என்னப்பா! இங்க ஒரு ஊடு, மஞ்சூருக்கு அக்கட்டால ஒரு ஊடு. ராஜயோகம்!"

பந்தி முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் மனைவியும் சிரித்தார். பிள்ளை சிரிக்கவில்லை. இலையைப் பாதியில் மூடிவிட்டு எழுந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அப்பாவிடம் பேசுவதில்லை. அவர் வாங்கிவரும் வர்க்கியைத் தொடுவதில்லை. முன்பெல்லாம் சாயங்காலம் எங்கள் வண்டி பெர்ன்ஹில் திருப்பத்தில் போகும்போது வாசலில் நின்று கை காட்டுவாள். நான் ஒரு ஹாரன் அடிப்பேன். அது நின்றுபோனது. நான் ஹாரன் அடித்தேன். வாசல் காலியாக இருந்தது.

கண்டக்டர் எடுத்துச் சொன்னார். கேட்கவில்லை. ரூமைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய்க் காட்டினார். "இது யார் ஊட்டு ரூமோ" என்று சொல்லிவிட்டாள். நேரில் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஒரு நாள் வண்டியில் ஏற்றினார். அவளுக்கு பஸ் ஆகாது. பாலாடா வருவதற்குள் வாந்தி எடுத்துத் துவண்டுவிட்டாள். கூட வந்த அம்மா அங்கேயே இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு ஹால்ட்டில் கண்டக்டர் சாப்பிடவில்லை.

"சின்னப் புள்ளைங்ணா. மனசுல விழுந்துருச்சுன்னா வளந்தாலும் போகாதுங்க. அவ அப்பான்னு கூப்புட்டே நாளாச்சு."

நான் ரூமைச் சுற்றிப் பார்த்தேன்.

"அவ இங்க வர முடியாது. ரூம் அங்க போகட்டும்."

"போட்டோவே நம்பலீங்களே."

"போட்டோ இல்ல. செய்வோம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கட்டிலுக்கு அடியில் இருந்த அட்டைகளை இழுத்தார்.

இதுவரை செய்ததில் இதுதான் பெரியது. பிள்ளை கையை விட்டு எடுத்துப் பார்க்கிற அளவு வேண்டும் என்றார். ஒரு பக்கம் சுவர் இல்லாமல் திறப்பாக விட்டேன். சுவருக்கு இரட்டை அட்டை. கூரையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்தேன். கட்டில் இரண்டையும் கிளட்ச் வயர் பிரித்த கம்பியில் வளைத்தேன்.

சொல்யூஷன் காய வேண்டுமே. மழையில் எங்கே காயும்? வண்டியில் என் பக்கத்தில் இன்ஜின் பானெட் எப்போதும் சூடாக இருக்கும். அதன்மேல் சாக்கை விரித்து ரூமை வைத்தேன். கேரட் மூட்டையோடு தினமும் ஏறும் அம்மாள் ஒருவர், பானெட் பக்கத்திலேயே உட்காருவார்.

"என்ன டிரைவரே, கடைசில சொந்த ஊடு கட்டிட்டீங்களாட்ட இருக்குது!"

"கட்டிட்டேன்."

"பால் காய்ச்சறப்ப சொல்லுங்க. வந்து மொய் வெக்கறேன்."

மஞ்சூருக்கு அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவில் கட்டில் சுவரில் இடித்தது. இரண்டாவதில் அடுப்பின் மேல் கவிழ்ந்தது. ஹால்ட்டுக்குப் போய்ச் சேரும்போது சாமான் எல்லாம் ஒரு மூலையில் குப்பையாகக் கிடந்தது. பஸ்காரர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எதுவாக இருந்தாலும் இறுக்கிக் கட்டு. கட்ட முடியாததை ஒட்டு. கட்டில், மெத்தை, அடுப்பு, பக்கெட், செருப்பு எல்லாவற்றையும் சொல்யூஷன் போட்டு ஒட்டினோம். மறுபடி வளைவில் வைத்துப் பார்த்தோம். ஒன்றும் அசையவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது.

அழகு வேலை அவருடையது. மகளுக்கு என்பதால் மிச்சம் வைக்கவில்லை. ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. சுவருக்கு ரோஸ் பெயின்ட். ஜன்னல் ஓரத்தில் பற்பசை மூடியில் வரிசையாகப் பூத்தொட்டி. வாசலில் சுண்ணாம்பில் ஒரு கோலம். ஊசி முனையால் போட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டார். நான் டார்ச் பிடித்தேன். கதவுக்குப் பச்சை அடித்தது நான்தான். பார்க்க நன்றாகவே இருந்தது.

லீவு நாளில் இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு பெர்ன்ஹில்லுக்குப் போனோம்.

கண்டக்டர் மனைவி பார்த்ததும் வாயில் கை வைத்தார். "அடேங்கப்பா! நம்ம ஊட்டுக்கு ஒரு ஆணி அடிக்கச் சொன்னா ஒரு மாசம் ஆகும். இதை எப்படிங்ணா செஞ்சாரு?"

பிள்ளை அறையிலிருந்து வந்தாள். சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். குனிந்து உள்ளே பார்த்தாள். கட்டிலை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. பக்கெட்டை இழுத்தாள். வரவில்லை.

"ரோட்டுல ஆடும்னு ஒட்டிட்டோம் அம்முணி," என்றார் கண்டக்டர். "இதுதான் நானும் இந்தப் பெரியப்பாவும் படுக்கற ரூமு. பாத்தியா? வேற ஊடெல்லாம் இல்ல."

அவள் வாசலைக் காட்டினாள்.

"கோலம் யாரு போட்டது?"

கண்டக்டர் என்னைப் பார்த்தார்.

"அது... நாந்தான் அம்முணி. இதுல போட்டது நாந்தான்."

"அங்க?"

"அங்க கோலமே கெடையாது. சும்மா அழகுக்குப் போட்டேன்."

"பூத்தொட்டி?"

"அதுவும் அழகுக்குத்தான்."

"இத்தன பூவுக்கு யாரு தண்ணி ஊத்துவா?"

"அங்க தொட்டியே இல்ல சாமி."

"அப்பக் கட்டிலும் அழகுக்கா? ரெண்டுதான்னு பொய்யா வெச்சிருக்கீங்களா?"

அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மனைவி சிரிக்க ஆரம்பித்து, கணவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"திரைச்சீலை, ரோஸ் செவுரு, வாசல்ல கோலம். ஏனுங்க, இதைப் பாத்தா எனக்கே சந்தேகமா இருக்குதுங்க," என்றார். கேலிதான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் வண்டியில் கண்டக்டர் வாய் திறக்கவில்லை. விசில் மட்டும்தான். கேரட் அம்மாள் என்னிடம் குனிந்து கேட்டார். "கண்டக்டருக்குப் பல்லு வலிங்களா?"

ஹால்ட்டில் அவர், திருப்பிக் கொண்டுவந்திருந்த அட்டை ரூமைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். பக்கத்தில் பள்ளம்.

"என்ன பண்றீங்க?"

"வீசிடறேனுங்ணா. இது இருந்தா இன்னும் கெட்டுப்போகும்."

"உள்ள கொண்டாங்க."

"என்னத்துக்குங்க?"

"பிரிப்போம். இருக்கறது இருக்கற மாதிரி செய்வோம்."

"அசிங்கமா இருக்குமுங்க."

"ரூம் அசிங்கமாத்தான இருக்கு."

நான் கை நீட்டியபடியே நின்றேன். அவர் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். பிறகு கொண்டுவந்து கொடுத்தார்.

முதலில் அசல் ரூமைப் பார்த்தோம். இத்தனை காலம் படுத்த ரூம். சரியாகப் பார்த்ததே இல்லை. உடைந்த ஜன்னல் கண்ணாடிக்குப் பதில் அட்டை சொருகியிருந்தது. ஆணியில் காக்கிச் சட்டை. கயிற்றில் காயாத சாக்ஸ். என் கட்டிலுக்கு ஒரு கால் குட்டை. வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையை அதற்கு வைத்திருந்தோம். சுவரில் ஈரம் ஏறி, சுண்ணாம்பு பொருக்கு விட்டிருந்தது. இதில் ஒன்றைக்கூட நாங்கள் செய்த ரூமில் வைக்கவில்லை.

பிரிப்பது லேசாக இல்லை. நாங்கள் ஒட்டியதே எங்களுக்கு எதிரியாக நின்றது. பிளேடு போட்டுக் கீறிப் பிய்த்தோம். கட்டில் தரையோடு வந்தது. வேறு தரை போட்டேன். பூத்தொட்டிகளைக் கண்டக்டரே பிடுங்கினார். ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

"ஒரே ஒரு தொட்டி இருக்கட்டுமுங்ணா? ஓரமா?"

"வேண்டாம்."

"சின்னதுங்க."

"வேண்டாம்."

திரையைப் பிய்க்கும்போது சுவரின் மேல்தாள் அதோடு உரிந்துகொண்டு வந்தது. ரோஸ் பெயின்ட் திட்டுத் திட்டாகப் போய், அட்டை நாராகத் தெரிந்தது. கெட்டது என்று நினைத்தேன். கண்டக்டர் அதைத் தூக்கி அசல் சுவருக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"ஏனுங்ணா. இங்க பாருங்க. நம்ம செவுரு மாதிரியே பொருக்கு உட்டிருக்குது."

ஆமாம். அப்படியே இருந்தது. டிகாஷன் மிச்சம் இருந்தது. அதைத் தொட்டு ஈரக்கறை வைத்தேன். கூரையில் என் கட்டிலின் கால்மாட்டுக்கு நேரே ஒரு கறை. அங்கே நிஜமாகவே ஒழுகும். ஜன்னலுக்குத் தீப்பெட்டி அட்டை. பழைய காக்கித் துணியில் கண்டக்டர் இரண்டு சட்டை தைத்தார். பொத்தானுக்குக் கடுகு. சாக்ஸ், பனியன் நூலில். குட்டைக் காலுக்கு ஒரு மரத்துண்டு. அவர் கை அழகுக்குப் பழகிய கை. அசிங்கத்தையும் சுத்தமாகச் செய்தது.

இந்த முறை உள்ளே எதையும் ஒட்டவில்லை. சாமான்களைப் பஞ்சு வைத்து அவருடைய டிபன் டப்பாவில் அடைத்தோம். காலி ரூம் மட்டும் பானெட்டில் வந்தது. கேரட் அம்மாள் பார்த்துவிட்டு, "என்ன டிரைவரே, ஊட்ட ஜப்தி பண்ணிட்டாங்களா?" என்றார்.

அடுத்த லீவு நாள் மறுபடி பெர்ன்ஹில்.

பிள்ளை வர மாட்டேன் என்றாள். அம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தார். அவள் காலி ரூமைப் பார்த்தாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்ன இது, இப்படி இருக்குது?"

"அது அப்படித்தான் இருக்கு," என்றேன்.

கண்டக்டர் டிபன் டப்பாவைத் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்து அவள் கையில் கொடுத்தார். இது என் கட்டில், ஜன்னல் பக்கம் போடு. இது பெரியப்பா கட்டில், எதிர்ச் செவுத்துக்கு. கட்டையைக் காலுக்கு வை, இல்லைன்னா ஆடும். அடுப்பு மூலைக்கு. சட்டை ஆணிக்கு. பக்கெட் கதவுகிட்ட. அவர் சொன்ன இடத்தில் அவள் வைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் வைத்து முடிந்ததும் அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்க உள்ள போங்க."

"எதுக்கு அம்முணி?"

"போங்க. கதவச் சாத்திக்கோங்க. அம்மா, எட்டிப் பாக்காம பாத்துக்கோ."

அவர் போனார். அவள் ரூமைக் கவிழ்த்துச் சாமான்கள் எல்லாவற்றையும் தரையில் கொட்டினாள். என் பக்கம் தள்ளினாள்.

"பெரியப்பா, நீங்க வைங்க."

எனக்குப் புரிந்தது. பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினால் கண்டக்டரைத் தனியாகவும் பயணியைத் தனியாகவும் கேட்பார். அதே மாதிரி.

எடுத்து வைத்தேன். அவர் கட்டில் ஜன்னல் பக்கம். என் கட்டில் எதிர்ச்சுவர். காலுக்குக் கட்டை. அடுப்பு. சட்டை. கயிற்றில் சாக்ஸ். கடைசியில் பக்கெட். அதை என் கட்டிலின் கால்மாட்டில் வைத்தேன்.

அவள் என் கையைப் பிடித்தாள்.

"தப்பு. அப்பா கதவுகிட்ட வெச்சாரு."

கண்டக்டர் மனைவி நிமிர்ந்தார். உள்ளே கண்டக்டர் செருமும் சத்தம் கேட்டது. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

"மழை பெஞ்சா இங்கதான். மழை இல்லாதப்ப கதவுகிட்ட."

"ஏன்?"

"ஒழுகும்."

அவள் கூரையைக் கழற்றினாள். திருப்பிப் பார்த்தாள். கறை இருந்தது. மாட்டி, கறைக்கு நேர் கீழே விரலை வைத்தாள். பக்கெட்டின் மேல் விரல் வந்தது. அப்போதும் அவள் விடவில்லை. பக்கெட்டை எடுத்துக் கையில் மூடிக்கொண்டாள்.

"அப்பா! வாங்க!"

அவர் வந்தார்.

"மழை பெய்யுதுங்கப்பா. பக்கெட் எங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. யோசிக்கவும் இல்லை. குனிந்து என் கட்டிலின் கால்மாட்டைத் தொட்டார்.

"இங்க வெக்கோணும் சாமி. இல்லைன்னா பெரியப்பா கால் நனைஞ்சு, எந்திரிச்சு ஒக்காந்துக்குவாரு. என்னையும் தூங்க உட மாட்டாரு."

அவள் கையைத் திறந்தாள். பக்கெட்டை அங்கே வைத்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பினாள்.

"அம்மா, அங்க யாரும் இல்ல. இப்படி இருந்தா யாரு வந்து இருப்பா?"

"அதான பாத்தேன்," என்றார் அம்மா. "உங்கப்பனை நானே பெரும்பாடுபட்டு வெச்சிருக்கறேன். இன்னொருத்திக்கு என்ன தலையெழுத்தா?"

பிள்ளை சிரித்தாள். கண்டக்டர் சிரிக்கவில்லை. சட்டைப் பையில் கை விட்டு எதையோ எடுத்தார். ஒரு பூத்தொட்டி. பற்பசை மூடி, பச்சை ஊலன், சிவப்புப் புள்ளி. நான் வேண்டாம் என்று சொன்னதுதான். வைத்திருந்திருக்கிறார்.

"இது அங்க இல்ல அம்முணி. உனக்கு வேணும்னா வெச்சுக்கோ."

அவள் வாங்கி ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். தள்ளி உட்கார்ந்து பார்த்தாள்.

"இது நான் வெச்சது. அங்கயும் ஒண்ணு வைங்கப்பா. செவுரு ரொம்ப அசிங்கமா இருக்குது."

வாசலில் இருந்த ஜெரேனியத்தில் ஒரு கொப்பை ஒடித்துப் பழைய டப்பாவில் நட்டுக் கொடுத்தாள். அடுத்த நாள் சாயங்காலம் அது பானெட்டில் வந்தது. பெர்ன்ஹில் திருப்பத்தில் ஹாரன் அடித்தேன். வாசலில் கை ஆடியது. கண்டக்டர் பின் படியிலிருந்து "போலாம் ரைட்" என்று கத்தினார். அங்கே ஸ்டாப்பிங்கே இல்லை.

கேரட் அம்மாள் டப்பாவைப் பார்த்தார். "ஊடு போயிச் செடி வந்துருச்சா?"

அசல் ஹால்ட் ரூம் ஜன்னலில் சொருகியிருந்தது தீப்பெட்டி அட்டை இல்லை, பெரிய அட்டைதான். அதை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டேன். வெளிச்சம் வந்தால்தான் செடி பிழைக்கும். ஒழுகும் இடத்துக்குத் தகரம் அடிக்கலாம் என்றேன். கண்டக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அட்டை ரூமில் ஒழுகுகிறது, இங்கே ஒழுகாவிட்டால் மகள் கேட்பாள் என்கிறார். பக்கெட் அதே இடத்தில்தான் இருக்கிறது.

செடி பூத்துவிட்டது. கண்டக்டர் மறந்துவிடுவார். தண்ணீர் நான்தான் ஊற்றுகிறேன்.